பாட்டால் எழுந்த பள்ளிக்கூடம்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



எங்கள் கூடுவாஞ்சேரிப் பங்கில் சனிக்கிழமை மாலைதோறும் பாடகர் குழுவுக்குப் பயிற்சி நடக்கும். ஒரு கீபோர்டு, ஒரு ஜோடி தபேலா, இரண்டு மைக், பதினைந்து இருபது பிள்ளைகள். இவ்வளவுதான் எங்கள் இசைக்குழு. சில வாரங்களுக்கு முன் பயிற்சி முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கைபேசியோடு என்னிடம் ஓடி வந்தான். ஏதோ ஒரு பெரிய பள்ளியின் பாடகர் குழுவும் இசைக்குழுவும் வெளிநாட்டு அரங்கம் ஒன்றில் பாடும் காட்சி அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே மாதிரி உடை, வரிசையாக வயலின்கள், எழுந்து நின்று கைதட்டும் கூட்டம். "ஃபாதர், நாம எப்போ இப்படி ஃபாரின் போய்ப் பாடுவோம்?" என்று கேட்டான். "முதல்ல ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நேரத்துக்கு வா, அப்புறம் ஃபாரின் போகலாம்" என்று சிரித்து அனுப்பிவிட்டேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பிள்ளைகள் வெளிநாடு சென்று பாடுவது நல்லதுதான். இன்று பல பள்ளிகள் அப்படி அழைத்துச் செல்கின்றன. பெற்றோர் கடன் வாங்கியாவது பணம் கட்டுகிறார்கள். ஆனால் எதற்காகப் போகிறோம், யாருக்காகப் பாடுகிறோம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமா? அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒரு வரலாற்றில் இருக்கிறது. அதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

திருப்பாடல் 137 நமக்குத் தெரிந்ததுதான். பாபிலோனில் சிறைப்பட்ட இஸ்ரயேல் மக்கள் ஆற்றங்கரையில் அமர்ந்து அழுகிறார்கள். சிறைப்படுத்தியவர்களோ தங்கள் பொழுதுபோக்குக்காகச் சீயோனின் பாடலைப் பாடச் சொல்கிறார்கள். யாழை மரத்தில் மாட்டிவிட்டு, எங்களால் எப்படிப் பாட முடியும் என்று மக்கள் கலங்குகிறார்கள். இதே கலக்கம் 150 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தின் மாணவர்களுக்கும் வந்தது.

அமெரிக்காவில் 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. நாற்பது லட்சம் பேர் விடுதலை பெற்றார்கள். ஆனால் அவர்களிடம் நிலம் இல்லை, வீடு இல்லை, எழுத்தறிவு இல்லை. தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதே குற்றமாக இருந்தது. இந்நிலையில் 1866 ஜனவரி 9 அன்று டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், படைவீரர்களுக்காகக் கட்டப்பட்டிருந்த பழைய மருத்துவமனைக் கொட்டகைகளில், அமெரிக்க மிஷனரி சங்கத்தார் ஒரு பள்ளியைத் திறந்தார்கள். விடுதலை பெற்றோர் நலனுக்காக உழைத்த தளபதி கிளின்டன் ஃபிஸ்க் என்பவரின் பெயரால் அது ஃபிஸ்க் பள்ளி ஆனது. சிறுவர்களும் முதியவர்களும் ஒரே வகுப்பில் அமர்ந்து அகரவரிசை படித்தார்கள். அடிமைச் சந்தையில் துருப்பிடித்துக் கிடந்த கைவிலங்குகளையும் கால் சங்கிலிகளையும் பொறுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டு, அந்தக் காசில் மாணவர்கள் பாடப்புத்தகம் வாங்கினார்கள் என்று அப்பள்ளியில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

ஐந்தே ஆண்டுகளில் பள்ளி மூடும் நிலைக்கு வந்துவிட்டது. கொட்டகைகள் இற்றுப்போயின. கடன் ஏறியது. பள்ளியின் பொருளாளர் ஜார்ஜ் ஒயிட் என்னும் வெள்ளையர். வடக்குப் படையில் போரிட்டவர். முறையாக இசை கற்றவர் அல்லர். ஆனால் இசைமீது ஆர்வம் மிக்கவர். மாணவர்களில் சிலரைத் திரட்டி அவர் ஒரு பாடகர் குழு அமைத்திருந்தார். இவர்களை ஊர் ஊராக அழைத்துச் சென்று பாட வைத்தால் பள்ளிக்குப் பணம் திரட்டலாம் என்பது அவருடைய எண்ணம். பலரும் வேண்டாம் என்றார்கள். அவரோ கேட்கவில்லை. 1871 அக்டோபர் 6 அன்று ஒன்பது மாணவர்களோடு புறப்பட்டார்.

அந்த ஒன்பது பேரில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். மிகச் சிறியவர் மினி டேட், வயது 14. தாமஸ் ரட்லிங் என்ற இளைஞருக்குத் தன் தாயைப் பற்றி இருந்த முதல் நினைவே, அவர் விற்கப்பட்டுப் பிரிந்து போன நாள்தான். பெஞ்சமின் ஹோம்ஸ் கடைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தே யாருக்கும் தெரியாமல் எழுத்துக் கற்றவர். அடிமை வியாபாரியின் அடைப்பில் கிடந்தபோது, விடுதலை அறிவிப்பு வந்த செய்தித்தாளை உடன் இருந்தவர்களுக்குப் படித்துக் காட்டியவர்.

பியானோ வாசித்துக் குழுவை நடத்திய எல்லா ஷெப்பர்டின் கதை இன்னும் கனமானது. அவர் குழந்தையாக இருந்தபோது, மேலும் அடிமையாய் வாழப் பொறுக்காத அவருடைய தாய், குழந்தையோடு ஆற்றில் விழப் போனார். ஒரு மூதாட்டி தடுத்து நிறுத்தினார். இது எல்லாவே பிற்காலத்தில் எழுதிவைத்த செய்தி. தந்தை பணம் கொடுத்து மகளை மீட்டார். தாயை மீட்க அவரால் முடியவில்லை. எல்லாவுக்குப் பியானோ கற்றுக்கொள்ள ஆசை. கற்றுத்தர ஒப்புக்கொண்ட ஆசிரியை ஒரு நிபந்தனை வைத்தார்: இரவில் வர வேண்டும், பின்வாசல் வழியாக வர வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது. பின்வாசல் வழியாகப் போய்க் கற்ற அந்தக் கை பின்னாளில் ஓர் அரசி முன்னால் வாசித்தது.

அன்பு நேயர்களே, இவர்கள் முதலில் எதைப் பாடினார்கள் தெரியுமா? அன்றைய ஐரோப்பிய இசையையும் நாகரிகப் பாடல்களையும் பாடினார்கள். தங்கள் சொந்தப் பாடல்களைப் பாடவில்லை. பருத்திக் காட்டிலும் இரவுச் செபக் கூட்டங்களிலும் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் பாடிய பாடல்கள் அவர்களிடம் ஏராளமாக இருந்தன. மோசேயும் பார்வோனும் யோர்தானும் வரும் பாடல்கள். தப்பி ஓடும் நேரத்தை மறைமொழியாய் உணர்த்திய பாடல்களும் அவற்றில் உண்டு என்பார்கள். அவற்றைப் பிறர் முன் பாட இந்த மாணவர்கள் தயங்கினார்கள். அவை அடிமைக் காலத்தை நினைவூட்டின. மேலும் அவை அவர்களுக்குப் புனிதமானவை. பிறர் கேட்டுச் சிரிப்பதற்காகப் பாடப்பட்டவை அல்ல. கதவை மூடிக்கொண்டு தங்களுக்குள் மட்டும் பாடிக்கொண்டார்கள்.

அவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அக்காலத்தில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைப்போல் பேசியும் ஆடியும் கேலி செய்யும் மேடை நிகழ்ச்சிகள் அமெரிக்கா எங்கும் நடந்தன. மக்கள் காசு கொடுத்துப் பார்த்துச் சிரித்தார்கள். இந்த மாணவர்களையும் அப்படிப்பட்ட குழு என்றே பலர் நினைத்தார்கள். ஒரு நகரில் விடுதிக்காரர் முன்பதிவை ஏற்றுக்கொண்டார். வந்தவர்கள் கரி பூசிய வெள்ளையர்கள் அல்ல, உண்மையிலேயே கறுப்பினத்தார் என்று தெரிந்ததும் வெளியே அனுப்பிவிட்டார். வேடத்துக்கு இடம் கொடுத்தவர் மனிதருக்கு இடம் கொடுக்கவில்லை!

பயணத்தின் தொடக்கத்திலேயே ஒரு சோதனை வந்தது. அவர்கள் புறப்பட்ட சில நாட்களில் சிகாகோ நகரம் பெருந்தீயில் எரிந்தது. அப்போது அவர்கள் கையில் இருந்தது முதல் கச்சேரியில் கிடைத்த ஏறக்குறைய 50 டாலர். குளிருக்கு உடை இல்லை, வழிச்செலவுக்குப் பணம் இல்லை, பள்ளியோ கடனில் கிடக்கிறது. இருந்தும் அந்த முழுத் தொகையையும் தீயில் வீடிழந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையைப் பற்றி நான் எத்தனையோ மறையுரை ஆற்றியிருக்கிறேன். இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் குழுவினர் சோர்ந்துபோனார்கள். ஒயிட் இரவெல்லாம் செபித்தார். காலையில் எழுந்து குழுவுக்கு ஒரு பெயர் வைத்தார்: யூபிலி பாடகர்கள். லேவியர் நூல் 25ஆம் அதிகாரத்தில் வரும் யூபிலி ஆண்டு அது. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்கும், அடிமைகள் விடுதலை பெறுவார்கள், இழந்த நிலம் உரியவருக்குத் திரும்பும் என்பது ஆண்டவரின் கட்டளை. விடுதலை பெற்ற மக்களின் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டா?

1871 நவம்பரில் ஓபர்லின் நகரில் சபைத் தலைவர்களின் மாநாடு ஒன்று நடந்தது. இடைவேளையில் மேல்மாடத்தில் அமர்ந்திருந்த இந்த மாணவர்கள் மெதுவாக ஒரு பாடலைத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் 'ஸ்டீல் அவே' எனப்படும் அந்தப் பாட்டு, ஓசையின்றி இயேசுவிடம் போய்ச் சேரும் ஆன்மாவைப் பற்றியது. கதவை மூடிப் பாடிவந்த பாடல்களில் ஒன்று. சலசலத்துக்கொண்டிருந்த மண்டபம் அடங்கியது. அன்று முதல் அவர்களுடைய நிகழ்ச்சி மாறியது. மறைத்து வைத்த பாடல்களே அவர்களின் முதன்மைப் பாடல்களாயின. கிழக்குக் கரையில் புரூக்ளின் ஆலயம் நிறைந்தது. 1872இல் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் கிராண்ட் முன்னிலையில் பாடினார்கள். அந்த முதல் பயணம் 20,000 டாலர் ஈட்டியது. பள்ளிக்குப் புது நிலம் வாங்கப்பட்டது.

1873இல் கடல் கடந்து இங்கிலாந்து சென்றார்கள். மே மாதத்தில் லண்டனில் ஆர்கைல் கோமகனின் இல்லத்தில் விக்டோரியா அரசி அவர்கள் பாட்டைக் கேட்டார். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் ஏறக்குறைய ஓராண்டு பாடி, 50,000 டாலர் அளவுக்குத் திரட்டித் திரும்பினார்கள். அந்தப் பணத்தில் நாஷ்வில்லில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது. அதன் பெயர் யூபிலி மண்டபம். 1876 ஜனவரி 1 அன்று அது அர்ச்சிக்கப்பட்டது. அடிமை விடுதலை அறிவிப்பின் நினைவு நாள் அது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களின் கல்விக்கென்றே கட்டப்பட்ட முதல் நிலையான கட்டடம் என்று அதைச் சொல்கிறார்கள். இன்றும் அது நிற்கிறது. பிறகு நெதர்லாந்து, ஜெர்மனி என்று பயணம் தொடர்ந்தது. ஏழு ஆண்டுகளில் அவர்கள் பாடி ஈட்டியது ஏறக்குறைய 1,50,000 டாலர்.

கத்தோலிக்கக் குருவாகிய நான் இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதற்கு 33 ஆண்டுகளுக்கு முன், 1838இல், அதே அமெரிக்காவில் மேரிலாந்து இயேசு சபையினர் தங்களிடம் அடிமைகளாக இருந்த 272 பேரை விற்றார்கள். அந்தப் பணத்தின் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் போனது. திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்களும் அந்த 272 பேரில் இருந்தார்கள். மறு ஆண்டே திருத்தந்தை பதினாறாம் கிரகோரி அடிமை வணிகத்தைக் கண்டித்து மடல் எழுதினார். விற்கப்பட்டவர்களுக்கு அது உதவவில்லை. 2017இல் அந்தப் பல்கலைக்கழகமும் இயேசு சபையும் அவர்களுடைய வழித்தோன்றல்களிடம் பொதுவில் மன்னிப்புக் கேட்டன. ஒரு கல்விக்கூடம் மனிதரை விற்றுக் கடனை அடைத்தது. இன்னொரு கல்விக்கூடத்தை, விற்கப்பட்ட மனிதரின் பிள்ளைகள் பாடிக் காப்பாற்றினார்கள். இரண்டு இடத்திலும் செபித்தவர்கள் கிறிஸ்தவர்கள்தான். எந்தச் செபத்தை ஆண்டவர் கேட்டிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்த வெற்றிக்கு விலையும் உண்டு. ஓய்வே இல்லாத பயணம் அவர்களை உருக்கியது. ஒயிட்டின் மனைவி ஸ்காட்லாந்தில் காய்ச்சல் கண்டு இறந்தார். பெஞ்சமின் ஹோம்ஸ் காசநோயால் இளவயதிலேயே மறைந்தார். எல்லாவற்றிலும் என் மனத்தைத் தொடுவது இதுதான்: பள்ளியைக் காப்பாற்றுவதற்காகப் படிப்பை நிறுத்திவிட்டுப் போன அந்த முதல் குழுவினர் எவரும் அங்கே படித்துப் பட்டம் பெறவில்லை. தாங்கள் ஏறாத படிக்கட்டைப் பிறருக்காகக் கட்டினார்கள். எல்லா ஷெப்பர்டு மட்டும் தன் தாயைத் தேடிக் கண்டுபிடித்து, நாஷ்வில்லுக்கு அழைத்து வந்து தன்னோடு வைத்துக்கொண்டார்.

1878இல் பள்ளியின் குழு ஜெர்மனியில் கலைந்தது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. குழுவில் பின்னர் சேர்ந்த ஃபிரடெரிக் லௌடின் என்பவர் அதே பெயரில் தனியாக ஒரு குழுவை நடத்தி, 1884இல் உலகப் பயணம் புறப்பட்டார். லௌடின் வட மாநிலத்தில் அடிமையல்லாதவராகப் பிறந்தவர், அச்சுத்தொழிலாளி. இளமையில் தன் சொற்ப ஊதியத்தில் ஒரு பங்கைத் தவறாமல் ஆலயத்துக்குக் கொடுத்துவந்தார். நல்ல குரல் என்பதால் அந்த ஆலயத்தின் பாடகர் குழுவில் சேர விரும்பினார். நிறத்தைக் காரணம் காட்டி அவரைச் சேர்க்கவில்லை. காணிக்கை வேண்டும், குரல் வேண்டாம்! உள்ளூர் ஆலயம் ஒதுக்கிய அந்தக் குரலைப் பிறகு உலகம் கேட்டது.

இதைப் படித்தபோது என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. என் குருத்துவ வாழ்வின் தொடக்க ஆண்டுகளில் ஒரு கிராமப் பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். அங்கே காலனித் தெருவிலிருந்து ஒரு சிறுமி பாடகர் குழுவில் சேர வந்தாள். அப்படி ஒரு குரலை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. "இடம் இல்லை ஃபாதர், ஏற்கெனவே ஆள் நிறைய இருக்காங்க" என்றார்கள் குழுவில் இருந்த பெரியவர்கள். அது உண்மையான காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். அந்தச் சிறுமிக்கும் தெரிந்திருக்கும். திருவிழா நெருங்குகிறது, பிரச்சினை வேண்டாம் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். அவள் ஞாயிறுதோறும் கடைசி வரிசையில், வாசலோரம் நின்று பாடுவாள். அந்தக் குரல் பீடத்தில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்கும். ஒரு நாளும் நான் அவளை முன்னால் அழைக்கவில்லை. இன்று இந்த வானொலி வழியாக அதை என் பாவமாக அறிக்கையிடுகிறேன்.

லௌடின் குழு பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியா சென்றது. 1886இல் முர்ரே ஆற்றங்கரையில் மலோகா என்னும் இடத்தில், பழங்குடி மக்கள் வாழ்ந்த மிஷன் குடியிருப்பில் பாடினார்கள். நிலம் பறிக்கப்பட்ட அந்த மக்கள் இவர்களது பாட்டைக் கேட்டு அழுதார்கள். அங்கே ஆசிரியராகப் பணியாற்றியவர் தாமஸ் ஷட்ராக் ஜேம்ஸ். அவர் இந்திய வம்சாவளியினர். நம் மக்கள் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனார்களே, அந்த மொரீசியஸ் தீவில் பிறந்தவர். பார்வோனின் படை கடலில் அமிழ்ந்ததைச் சொல்லும் யூபிலி பாடல் ஒன்று பழங்குடியினரின் யோர்ட்டா யோர்ட்டா மொழிக்குப் போனது. அதை மொழிபெயர்த்தவர் இவர் என்று சொல்கிறார்கள். 'புரா ஃபெரா' என்ற பெயரில் அந்த மக்கள் இன்றுவரை அதைப் பாடுகிறார்கள். 2012இல் வந்த 'த சஃபையர்ஸ்' திரைப்படத்திலும் அது இடம்பெற்றது. எண்ணிப் பாருங்கள்: எகிப்தில் அடிமைப்பட்ட எபிரேயரின் கதை, அமெரிக்க அடிமைகளின் பாட்டாகி, ஓர் இந்திய வம்சாவளியினரின் கைவழியே ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பாட்டாகியது!

1889 இறுதியில் அவர்கள் இலங்கைக்கும், அங்கிருந்து நம் இந்தியாவுக்கும் வந்தார்கள். ஆக்ராவில் தாஜ்மகாலின் குவிமாடத்தின் கீழே நின்று, ஓபர்லினில் பாடிய அதே 'ஸ்டீல் அவே' பாடலைப் பாடினார்கள். அந்தக் குவிமாடத்தில் எழும் ஓசை பல நொடிகள் அடங்காமல் சுழலும். பேரரசி ஒருத்தியின் கல்லறைமேல், பெயர்கூடப் பதிவாகாத அடிமைத் தாய்மாரின் பாட்டு அன்று எதிரொலித்தது. பிறகு பர்மா, சீனா, ஜப்பான் வழியாக 1890இல் தாய்நாடு திரும்பினார்கள்.

அவர்கள் நம் நாட்டைக் கடந்துபோன அந்த ஆண்டுகளில், நாம் வாழும் இந்தச் செங்கல்பட்டு மாவட்டம் எப்படி இருந்தது? 1891இல் மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். இங்கிருந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சொந்த நிலம் இல்லை, குடியிருக்கும் குடிசை மனைகூடப் பிறருடையது, பண்ணையாள்களாய்க் கடனில் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று விவரித்தார். அதன் பயனாக 1892இல் அரசு அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் அறிந்தது அதுதான். பிறருக்கு விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தும், அதில் பெரும்பகுதி கை மாறிப் போய்விட்டது. இன்று ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் மனை விற்பனை விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு லேவியர் 25 நினைவுக்கு வருகிறது. நம் திருச்சபை 1300ஆம் ஆண்டிலிருந்து யூபிலி கொண்டாடுகிறது. 2025ஆம் ஆண்டையும் யூபிலியாகக் கொண்டாடினோம். புனிதக் கதவு, திருப்பயணம், நிறைபலன் எல்லாம் நல்லவை. ஆனால் விவிலியத்தின் யூபிலி, நிலம் இழந்தவன் தன் நிலத்துக்குத் திரும்புவதைப் பற்றியது. அந்த மாணவர்கள் இந்தப் பெயரை விளையாட்டாக வைத்துக்கொள்ளவில்லை.

அன்புக்குரியவர்களே, வெட்கத்தால் மறைக்கப்பட்ட இசை நம்மிடமும் உண்டு. பறை நம் கோயில் வாசலுக்கு வெளியே வெகுகாலம் நின்றது. நாற்று நட்ட தாய்மார்களின் பாட்டு பீடத்தை அடைய வெகுகாலம் ஆயிற்று. ஒவ்வொரு மக்களின் இசை மரபுக்கும் உரிய மதிப்பும் இடமும் தர வேண்டும் என்று 1963இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில் (எண் 119) கேட்டுக்கொண்டது. மதுரை இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு, அன்போடு 'பரட்டை' என்று அழைக்கப்பட்டவர், நாட்டுப்புற இசையில் வழிபாட்டுப் பாடல்களை அமைத்து வழிகாட்டினார். அவர் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சகோதரர். நாம் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. ஃபிஸ்க் மாணவர்கள் பிறருடைய பாட்டைப் பாடியபோது சிலர் பாராட்டினார்கள். தங்கள் பாட்டியின் பாட்டைப் பாடியபோது மண்டபமே அமைதியானது.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பையனைக் கூப்பிட்டு இந்தக் கதையைச் சொன்னேன். அவன் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்போ அவங்க பாடிச் சம்பாதிச்ச பணத்துல அவங்களே படிக்கலையா ஃபாதர்?" என்று கேட்டான். இல்லை என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எங்க தெருவுல ஒரு அக்கா நல்லாப் பாடுவாங்க. வீட்டு வேலைக்குப் போறாங்க. சனிக்கிழமை வரச் சொல்லட்டுமா?" என்றான். எங்கள் பாடகர் குழுவில் இப்போது ஒரு குரல் கூடியிருக்கிறது. அந்தப் பெண்ணின் வேலை முடியும் நேரத்துக்காகப் பயிற்சியை ஆறு மணியிலிருந்து ஏழு மணிக்கு மாற்றியிருக்கிறோம்.

வெளிநாட்டு மேடை எங்கள் பிள்ளைகளுக்கு வாய்க்கலாம், வாய்க்காமலும் போகலாம். உங்கள் பங்கிலும் ஞாயிறன்று கடைசி வரிசையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே நின்று பாடுவது யார், அவரை முன்னால் அழைக்காமல் இருப்பதற்கு நாம் சொல்லும் காரணம் உண்மையானதுதானா என்று உங்களையே கேளுங்கள்.

செபிப்போம். அடிமைகளின் அழுகுரலைக் கேட்டு இறங்கி வந்த ஆண்டவரே, நாங்கள் ஒதுக்கிவைத்த குரல்களுக்காக எங்களை மன்னித்தருளும். எங்கள் பாட்டு பிறருக்குக் கூரையாகவும் கல்வியாகவும் விடுதலையாகவும் மாறச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.